யாருடைய ஈயம்

பாசையூர்ச் சந்தையில் ஸ்ரெல்லா வாயைத் திறந்தால் குருநகர் வரைக்கும் கேட்கும் என்று சொல்வார்கள். அது கொஞ்சம் கூட்டிச் சொன்ன கதை. பாதி வழி வரைக்கும் கேட்கும், அவ்வளவுதான். ஆனால் ஒன்று, அந்த வாய்க்கு உள்ளே ஒன்றை வைத்துக்கொண்டு வெளியே இன்னொன்றைச் சொல்லத் தெரியாது. நண்டு பழசென்றால், அது தன் கூடையில் கிடக்கும் நண்டாக இருந்தாலும் பழசு என்றே சொல்லிவிடுவாள். புருசன் கிறிஸ்ரோபர் இரவு முழுக்கத் தண்ணீரில் கிடந்து பிடித்துவந்த நண்டு அது. அவன் பக்கத்தில் நின்று தலையைச் சொறிவான். சொறிந்து என்ன பயன், சொன்னது சொன்னதுதான்.

அப்பேர்ப்பட்ட வாய் ஒரு மார்கழி மாதம் பெரியாஸ்பத்திரியில் வைத்து அடைத்துப்போயிற்று.

மகள் ஜெசிந்தாவுக்கு இரண்டரை வயது. பிள்ளையின் முகம் வெளிறிக் கிடந்தது. சோற்றைக் கண்டால் வாயை இறுக்கி மூடிக்கொண்டாள். அடிக்கடி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுத்தாள். அவள் வயதுப் பிள்ளைகள் ஓயாமல் கதைத்துத் தாய்மாரை விசராக்கிக்கொண்டிருக்க, இவள் ‘அம்மா’, ‘மீ’ என்ற இரண்டோடு நின்றுவிட்டாள். பூச்சி மருந்து கொடுத்துப் பார்த்தாள், நாவூறு கழித்துப் பார்த்தாள். ஒன்றும் சரிவராமல்தான் ஸ்ரெல்லா அவளைத் தூக்கிக்கொண்டு பிள்ளை டொக்டரிடம் போனாள். டொக்டர் அம்மா இரத்தம் எடுத்துக் கொழும்புக்கு அனுப்பினார். மறுமொழி வந்த அன்று ஸ்ரெல்லாவைக் கதிரையில் இருக்கச் சொன்னார்.

“பிள்ளையின்ரை இரத்தத்திலை ஈயம் இருக்கு, அம்மா.”

“எந்த ஈயம்? வலைக்குக் கட்டுற ஈயமோ?”

“ஓம், அதே ஈயம்தான்.”

“என்ரை பிள்ளை என்ன நண்டு வலையோ, டொக்டர்?”

டொக்டர் அம்மாவுக்குச் சிரிப்பு வந்திருக்கவேண்டும். வரவில்லை. “அஞ்சுக்கு மேலை போனாலே நாங்கள் யோசிப்பம். இவவுக்கு இருபத்தெட்டு. மூளை வளர்ற வயசிலை ஈயம் போய் மூளையைத்தான் பிடிக்கும். கதை வராதது, வயித்துக்குத்து, இரத்தம் குறைஞ்சது எல்லாம் அதாலைதான் இருக்கும்.”

“மருந்தைத் தாங்கோ, குடுக்கிறன்.”

“இரும்புச்சத்துக்கு மருந்து தாறன். மற்றும்படி இந்த அளவுக்கு வைத்தியம் எண்டால் ஒண்டுதான். ஈயம் எங்கையிருந்து உள்ளை போகுதெண்டு கண்டுபிடிச்சு மறிக்கவேணும். மறிச்சால் மெல்ல மெல்ல இறங்கும்.”

“மறிக்காட்டி?”

டொக்டர் அம்மா பேனையை மூடினார். “கண்டுபிடிப்பம்,” என்றார்.

அன்று பஸ்ஸில் ஸ்ரெல்லா ஒரு சொல் பேசவில்லை. ஜெசிந்தாவுக்கு முதல் அவளுக்கு ஒரு பிள்ளை இருந்தான், நிக்சன். நாலு வருடத்துக்கு முந்திய மாரியில் டெங்குக் காய்ச்சல் அவனைக் கொண்டுபோய்விட்டது. மூன்று வயது அவனுக்கு. காய்ச்சல் விட்டுவிட்டது, இனிச் சுகம்தான் என்று அவள் ஆறுதல் மூச்சு விட்ட அன்றுதான் பிள்ளை போனான். ‘நான் பாக்காமல் விட்டிட்டன், நான் பாக்காமல் விட்டிட்டன்’ என்று அவள் அழுத அழுகையை அந்தோனியார் கோவிலடியில் இன்றைக்கும் சொல்வார்கள்.

அதனால்தான் ஜெசிந்தா வயிற்றில் இருக்கும்போதே நுளம்பு வலை வாங்கினாள். கடற்காற்று யன்னலால் அடித்துக்கொண்டே இருக்கிற வீடு. வலையின் ஓரம் கிளம்பும். ஒரு நுளம்பு நுழைய அது காணும். ஸ்ரெல்லா விடுவாளா? கிறிஸ்ரோபர் இடுப்பில் உடுத்துப் பழசான நீலக்கட்டச் சாரத்தைக் கிழித்து, வலையைச் சுற்றி ஓரம் பிடித்து, அதற்குள் பாரம் வைத்துத் தைத்தாள். பிறகு எந்தக் காற்றுக்கும் வலை அசையவில்லை. “வலைக்காரன்ரை பெண்சாதி எண்டதைக் காட்டிப்போட்டாய்,” என்று கிறிஸ்ரோபர் மெச்சினான். டெங்கு நுளம்பு பகலிலும் கடிக்கும் என்பதால் பகல் நித்திரையும் வலைக்குள்தான், பொழுதுபட்டால் விளையாட்டும் வலைக்குள்தான். ஜெசிந்தாவும் பழகிவிட்டாள். ஓரத்துத் துணியை வாயில் வைத்துச் சூப்பிக்கொண்டே நித்திரையாகிவிடுவாள். ஒரு கரைச்சலும் இல்லாமல் படுக்கிறாளே என்று ஸ்ரெல்லா பக்கத்தில் இருந்து ஆசையோடு பார்த்துக்கொண்டிருப்பாள்.

இவ்வளவு காத்தும் இப்போது இப்படி. இந்தப் பிள்ளையையும் கொடுத்துவிட்டுத் தன்னால் உயிரோடு இருக்க ஏலாது என்று அவளுக்கு நன்றாகத் தெரிந்தது.

அடுத்த கிழமை சுகாதார அலுவலகத்திலிருந்து பி.எச்.ஐ. சுதாகரன் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். உடுப்பிட்டிக்காரர், தோட்டம் செய்கிற வீட்டுப் பிள்ளை, இளந்தாரி. கடற்கரை வீடு அவருக்குப் புதிது. குசினியில் சட்டி பானைகளைக் கவிழ்த்துப் பார்த்தார். மஞ்சள்தூளில் ஒரு கரண்டியும் கிணற்றுத் தண்ணீரில் ஒரு போத்தலும் எடுத்துக்கொண்டார். படலையில் உரிந்து கிடந்த பெயின்றைச் சுரண்டினார். பிள்ளையின் பொம்மை தப்பவில்லை, கண்ணுக்குப் பூசும் மை தப்பவில்லை. கழுத்தில் கிடந்த பதக்கத்துக்கும் கை நீட்டினார்.

“அந்தோனியாரையுமோ, சேர்?”

“ஆரெண்டாலும் பாக்கத்தான் வேணும், அக்கா.”

அறைக்குள் எட்டிப் பார்த்தார். கட்டிலுக்கு மேலே நுளம்பு வலை சுருட்டி முடிச்சுப் போட்டபடி தொங்கியது. “நல்ல பழக்கம், அக்கா,” என்று சொல்லிவிட்டு நகர்ந்தார். வருடம் முழுக்க டெங்கோடு மல்லுக்கட்டுகிற மனிதர், நுளம்பு வலையைக் கண்டால் மனம் குளிராதா?

வீட்டுக்குப் பின்னால் போனதும் நின்றுவிட்டார். அங்கே மூன்று கல் வைத்த அடுப்பும், கரிபிடித்த ஒரு தாச்சியும், பக்கத்தில் ஒரு அச்சும் கிடந்தன.

“உதென்ன, அண்ணை?”

“ஈயம் உருக்கிறது, சேர். பழசுகளை உருக்கி வலைக்குக் குண்டு வார்க்கிறது. உந்தக் கரையிலை முக்கால்வாசிப் பேருக்கு நான்தான் வார்த்துக் குடுக்கிறன்,” என்றான் கிறிஸ்ரோபர், கொஞ்சம் பெருமையாக. பாவம், என்ன வரப்போகிறதென்று அவனுக்குத் தெரியாது.

சுதாகரன் புகையைப் பற்றிச் சொன்னார், மணலில் படியும் தூசியைப் பற்றிச் சொன்னார். கிறிஸ்ரோபருக்கு நம்பிக்கை வரவில்லை. “சேர், நான் சின்னனிலை இருந்து ஈயத்தைப் பல்லாலை கடிச்சுத்தான் கயித்திலை இறுக்கிறன். எனக்கு ஒண்டும் இல்லையே?”

“உங்களுக்கும் கூடாது, அண்ணை. சின்னதுகளுக்கு அதைவிட எத்தினையோ மடங்கு கூடாது. உங்கடை கையிலை, உடுப்பிலை ஒட்டிக்கொண்டு வாறதே பிள்ளைக்குக் காணும்.”

அடைத்துக் கிடந்த வாய் அந்த இடத்தில்தான் திறந்தது.

“கண்டறியாத ஈயம்! ஊருக்கு வார்த்துக் குடுக்கிறாராம், ஊருக்கு! பெத்த பிள்ளைக்கு நஞ்சு வார்த்ததுதான் மிச்சம். ஒண்டைக் குடுத்தது காணாதோ உங்களுக்கு?”

கடைசிச் சொல் வந்திருக்கக்கூடாது. சுதாகரன் தலையைக் குனிந்துகொண்டார். கிறிஸ்ரோபர் தாச்சியையும் அச்சையும் கிடந்த ஈயத்தையும் ஒரு சாக்கில் போட்டுக் கட்டி, கொண்டுபோங்கோ என்று அவரிடம் கொடுத்துவிட்டான்.

மறுநாள் சந்தையில் இதைக் கேட்காத ஆள் இல்லை. கிறிஸ்ரோபரின் தமக்கை கிறிஸ்ரினாவும் அங்கே மீன் விற்கிறவள். மீன் வெட்டுகிற கத்தியைக் கீழே வைத்துவிட்டுத் தம்பியைப் பிடித்துக்கொண்டாள். “எடேய் தம்பி, உனக்கு அறிவிருக்கோடா? எங்கடை வீட்டுக்கு இருக்கிறது உந்த ஒரு குஞ்சு.” அவன் “ஓமக்கா” என்றான். நண்டு வாங்க வந்தவர்களும் அவனை ஒரு மாதிரிப் பார்த்தார்கள். “தகப்பன்ரை ஈயமாம்” என்ற கதை கூடையோடு கூடையாகக் கொக்குவில் வரைக்கும் போயிற்று.

வீட்டில் ஸ்ரெல்லா ஒரு சட்டம் போட்டாள். கடலால் வந்தால் நேரே கிணற்றடி. உடுத்த உடுப்பு அங்கேயே ஊறவேண்டும். சவுக்காரம் போட்டு இரண்டு தரம் முழுக்கு. அதற்குப் பிறகும் பிள்ளையைத் தூக்கக்கூடாது, இரத்தம் சரிவரும் வரைக்கும் தள்ளித்தான் நிற்கவேண்டும். குளித்து உடுப்பு மாற்றினால் காணும் என்றுதான் சுதாகரன் சொன்னவர். அவர் சொல்லி என்ன, சட்டம் போட்டது ஸ்ரெல்லா.

முந்தி வள்ளம் கரையேறும் நேரம் ஜெசிந்தா மணலில் விழுந்தெழும்பி ஓடிவருவாள். கிறிஸ்ரோபர் ஒரே தூக்காகத் தூக்கித் தோளில் வைப்பான். அவள் அவன் காது இரண்டையும் பிடித்துக்கொள்வாள். அப்படியே வீடு வரைக்கும் பவனிதான். இப்போது பிள்ளை இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நிற்க, அவன் சுற்றி விலகி நடந்தான். பிள்ளை கையை இறக்காமலே அவன் பின்னால் கொஞ்சத் தூரம் போகும், பிறகு நின்றுவிடும். ஸ்ரெல்லா அதைப் படலையில் நின்று பார்ப்பாள். ஆனால் இரக்கப்பட்டால் பிள்ளையைக் காப்பாற்ற முடியாதே. முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மாசியில் திரும்ப இரத்தம் எடுத்தார்கள். முப்பத்தொன்று.

“ஏறியிருக்கு,” என்றார் டொக்டர் அம்மா. “மஞ்சள், தண்ணி, பெயின்ற் எல்லாம் பரிசோதிச்சு வந்திட்டுது, அதுகளிலை பிழையில்லை. ஆனால் வீட்டிலை இன்னும் எங்கையோ இருக்கு.” பிள்ளையை வார்ட்டில் மறித்துவிட்டார். ஸ்ரெல்லா கட்டில் காலடியில் பாயை விரித்துக்கொண்டு கிடந்தாள். கிடந்த இடத்திலிருந்தே கிறிஸ்ரோபருக்குப் போன் எடுத்தாள்.

“களவா எங்கையும் உருக்கிறியளோ? மெய்யைச் சொல்லுங்கோ.”

“மாதா ஆணை இல்லை, ஸ்ரெல்லா.”

“அப்ப எங்கையிருந்து வருது? ஆகாயத்திலை இருந்தோ?”

“பாக்கிறன். சேரையும் வரச்சொல்லியிருக்கிறன். மூலை முடுக்கு விடாமல் பாக்கிறன். நீ அழாதை,” என்றான்.

பிள்ளையோடு வீடு திரும்பியபோது அது அவள் விட்டுப்போன வீடாக இல்லை. பின்வளவு மணலைக் கிண்டி எடுத்துவிட்டுப் புது மணல் போட்டிருந்தது. சுவரெல்லாம் சுண்ணாம்பு. மெத்தை மாறியிருந்தது. நுளம்பு வலைகூடத் தோய்த்துக் காய்ந்து, வெள்ளை வெளேரென்று கட்டிலுக்கு மேலே தொங்கியது. படலையடியில் சுதாகரன் நின்றார்.

“கண்டுபிடிச்சாச்சோ, சேர்?”

சுதாகரன் கிறிஸ்ரோபரைப் பார்த்தார். கிறிஸ்ரோபர் நிலத்தைப் பார்த்தான்.

“வீட்டுக்குள்ளை இருந்ததுதான், அக்கா. எல்லாத்தையும் எடுத்தாச்சு. இனி இறங்கும்,” என்றார் சுதாகரன்.

“மணலிலை ஊறிக் கிடந்திருக்கு, என்ன?”

“என்ரை ஈயம்தான்,” என்று கிறிஸ்ரோபர் குறுக்கே விழுந்தான். “நான் வார்த்த ஈயம்தான். என்ரை பிழைதான். இனி வராது.”

இறங்கத்தான் செய்தது. சித்திரையில் இருபத்திரண்டு. வைகாசி முடிவில் பதினாலு. எண் இறங்க இறங்கப் பிள்ளைக்குச் சொல் ஏறியது. ‘தா’, ‘வா’, ‘காகா’ என்று தொடங்கி, ஒரு நாள் நடுச்சந்தையில் நின்று ‘நண்டு பழசு’ என்றாள். தாயின் வாய் அப்படியே வந்திருக்கிறதென்று சந்தையே சிரித்தது. ஸ்ரெல்லா அன்றைக்குச் சிரித்து அழுது மூக்கைச் சீறினாள். ஆனால் புருசன் மேலிருந்த கொதி மட்டும் ஆறவில்லை. “பாருங்கோ, உங்கடை கண்டறியாத ஈயம் போக, பிள்ளை கதைக்குது,” என்பாள். அவன் “ஓம்” என்பான். அஞ்சுக்குக் கீழே இறங்கட்டும், அது வரைக்கும் சட்டம் சட்டம்தான் என்பாள். அதற்கும் “ஓம்” என்பான். ஒரு மனிதனால் இத்தனை ‘ஓம்’ எப்படிச் சொல்ல முடிகிறதென்று அவளுக்கு அதற்கும் கோபம் வரும்.

அவன் யன்னலுக்கு வெளியே நின்று பிள்ளைக்கு மூஞ்சை காட்டி விளையாடுவான். பிள்ளை கம்பிக்கிடையால் விசுக்கோத்து நீட்டும். தொடாமல் குனிந்து வாயால் வாங்குவான். அதை ஸ்ரெல்லா குசினிக்குள் நின்று பார்த்துவிட்டுப் பார்க்காத மாதிரி இருப்பாள்.

இன்னும் இரண்டு காரியம் இருந்தது, அந்த நேரம் அவள் சேர்த்து யோசிக்காதவை. ஒன்று, அவனுடைய நல்ல நீலக்கட்டச் சாரம் காணாமல் போனது. ஒவ்வொரு நத்தார்ப் பெருநாளுக்கும் அவன் வாங்குவது அதே நீலக்கட்டம்தான், வேறு நிறம் கண்ணில் படாது. “எங்கை சாரம்?” என்றால், “காத்து அடிச்சுக்கொண்டு போட்டுது,” என்றான். புதுச் சாரத்தைக் காற்றில் விட்ட கெட்டித்தனத்துக்கு அவள் இரண்டு நாள் ஏசினாள். மற்றது, நுளம்பு வலையைத் தோய்க்க அவன் அவளை விடுவதில்லை. “நான் நாறடிச்ச வீடு, நானே கழுவுறன்,” என்று தானே கழற்றித் தோய்த்துத் தானே கட்டினான். செய்த பாவத்துக்குச் செய்யட்டும் என்று அவளும் விட்டுவிட்டாள்.

ஆனியில் அந்தோனியார் திருநாள் வந்தது. திருநாளென்றால் பாசையூரில் ஒரு வீட்டில் ஒரு துணி தோய்க்காமல் கிடக்காது. ஒரு காலை, கிறிஸ்ரோபர் கடலால் வரமுதல், ஸ்ரெல்லா யன்னல் சீலைகளோடு நுளம்பு வலையையும் கழற்றிக்கொண்டு கிணற்றடிக்குப் போனாள். ஜெசிந்தா பக்கத்தில் வாளித் தண்ணீரில் அளைந்துகொண்டிருந்தாள். சவுக்காரம் போட்டு வலையைக் கல்லில் போட்டாள். ஓரம் கல்லில் பட்டதும் கிலுகிலு என்று சத்தம் கேட்டது.

அப்படிக் கேட்கக்கூடாது. தொக்கென்று விழவேண்டும்.

ஓரத்தைப் பிடித்து விரலால் அமத்திப் பார்த்தாள். உருண்டையாக, வழுவழுவென்று, ஒரு பக்கம் கீறலோடு ஏதோ தட்டுப்பட்டது. துணியைப் பார்த்தாள். நீலக்கட்டம்தான், ஆனால் அவள் கிழித்துத் தைத்த வெளிறின பழஞ்சாரம் இல்லை, புதுச்சாரம். தையலைப் பார்த்தாள். அவள் தைத்தது வெள்ளை நூல். இது பச்சை நைலோன் நூல், வலை பொத்துகிறவர்கள் போடும் முடிச்சு. அந்த முடிச்சை அவளுக்குத் தெரியாதா, தினமும் பார்க்கிற முடிச்சு. கத்தியை எடுத்து ஒரு முடிச்சை அறுத்தாள். தாயம் விளையாட உருட்டுகிற சோகிகள் கொட்டுண்டன. கடலில் பொறுக்கி, கழுவி மினுக்கின சோகிகள்.

“சோகி!” என்று ஜெசிந்தா கை தட்டினாள். அதுவும் புதுச் சொல்தான்.

ஸ்ரெல்லா ஈரத்தில் அப்படியே இருந்துவிட்டாள். அந்த ஓரத்துக்குள் அவள் என்ன வைத்துத் தைத்தவள்? பாரம். என்ன பாரம்? வயிறும் பிள்ளையுமாக, கிறிஸ்ரோபரின் பையிலிருந்து கைநிறைய அள்ளி எடுத்த ஈயக்குண்டுகள். டொக்டர் ஈயம் என்று சொன்ன நாளிலிருந்து அவள் தேடியதெல்லாம் புகையையும் தூசியையும்தான். தன் கையால் துணிக்குள் வைத்து மூடித் தைத்தது நினைவிலேயே வரவில்லை. மறந்துவிட்டாள் என்றும் சொல்ல முடியாது. அது அவளுக்கு ஈயமாக இருக்கவில்லை, நுளம்பு வலையாகத்தான் இருந்தது. பிள்ளை அதன் மூலையைச் சூப்பிச் சூப்பி நித்திரையானதைப் பக்கத்தில் இருந்து பார்த்து மகிழ்ந்தவள் அவள்தான்.

ஈரக் கையோடு போனை எடுத்துச் சுதாகரனைக் கூப்பிட்டாள்.

“சேர், நுளம்பு வலையிலை இருந்த ஈயத்தை எடுத்தது ஆர்?”

“அக்கா…”

“பொய் சொல்லாதையுங்கோ.”

சுதாகரன் எங்கேயோ மோட்டார் சைக்கிளை நிற்பாட்டும் சத்தம் கேட்டது. “அண்ணைதான் கண்டவர், அக்கா. நீங்கள் ஆஸ்பத்திரியிலை நிக்கேக்கை வலையைத் தோய்ப்பம் எண்டு கழட்டியிருக்கிறார். ஒரு மூலையிலை துணி தேஞ்சு ஈயம் வெளியிலை தெரிஞ்சது. அதிலை சின்னப் பல்லு அடையாளம். நான் வந்து பாக்கேக்கை அதைக் கையிலை வைச்சுக்கொண்டு நிலத்திலை இருந்தவர். முதல் நாளே நான் கண்டிருக்கவேணும், அக்கா. எட்டிப் பாத்து நல்ல பழக்கம் எண்டு சொல்லிப்போட்டு வந்தவன் நான்.”

“ஏன் எனக்குச் சொல்லேல்லை?”

“டொக்டருக்குச் சொன்னனான். உங்களுக்கும் சொல்லத்தான் வேணும் எண்டன். அண்ணை விடேல்லை. ‘மூத்தவனைத் தான் பாக்காமல் விட்டிட்டன் எண்டு இண்டைக்கும் அழுறவள், சேர். இதுவும் தன்ரை கையாலை எண்டு அறிஞ்சால் உடைஞ்சு போவாள். என்ரை ஈயமெண்டே இருக்கட்டும். என்னை ஏசிக்கொண்டு திரியட்டும், ஏசினால் அவள் நல்லா இருப்பாள்’ எண்டவர்.”

ஸ்ரெல்லா போனை வைத்தாள். அழுகை வந்தது, நன்றாக வந்தது. நிக்சனுக்காக அழுத அதே அழுகை, நான்தான், என்ரை கையாலைதான் என்று நெஞ்சில் அடித்துக்கொண்டு வந்தது. ஆனால் அந்த அழுகை முழுதாக அவளை இழுத்துக்கொண்டு போகமுதல், வேறொன்று குறுக்கே வந்து நின்றது. அவன் சுற்றி விலகி நடந்த நடை. கம்பிக்கிடையால் வாயை நீட்டி விசுக்கோத்து வாங்கியது. இந்தப் பேய் மனுசன், இந்த வாய் செத்த மனுசன், சந்தை முழுக்க வைத்து ஏசியும் ஒரு சொல் திருப்பிச் சொல்லாமல், எல்லா ஈயத்தையும் தன் தலையில் கட்டிக்கொண்டு நின்றிருக்கிறான். பிள்ளையைத் தூக்கலாம் என்று அவனுக்குத் தெரியும். தூக்கினால் பொய் வெளியில் வந்துவிடும் என்று தூக்காமல் இருந்திருக்கிறான்.

“வாடி ராசாத்தி,” என்று ஜெசிந்தாவைத் தூக்கி இடுப்பில் வைத்தாள். சவுக்கார நுரையும் ஈரச் சட்டையுமாகக் கரைக்கு நடந்தாள்.

வள்ளங்கள் வரும் நேரம். கரையில் சனம் நிறைந்திருந்தது. கிறிஸ்ரினா கூடையோடு தம்பியின் வள்ளத்துக்காகக் காத்து நின்றாள். ஸ்ரெல்லாவின் கோலத்தைக் கண்டு, “என்னடி பிள்ளை, என்ன நடந்தது?” என்று பதறினாள். ஸ்ரெல்லா நிற்கவில்லை. முழங்கால் தண்ணீருக்குள் இறங்கிப் போனாள். கிறிஸ்ரோபர் அப்போதுதான் வள்ளத்தால் குதித்து, வலையைத் தோளில் போடப் போனான். மேலெல்லாம் சேறு, செதில், நண்டு நாற்றம்.

“பிள்ளையைப் பிடியுங்கோ.”

அவன் பின்னால் ஒரு அடி வைத்தான். “இன்னும் குளிக்கேல்லை, ஸ்ரெல்லா.”

“தெரியுது, நாறுது. பிடியுங்கோ எண்டு சொல்லுறன்.”

“ஏன், என்ன…”

“வலையைத் தோய்ச்சனான். கொட்டுண்டது சோகி.”

அவன் கை அப்படியே நின்றது. அவள் முகத்தைப் பார்த்தான். அவன் கண் கலங்கிப்போனது. அவள் காத்திருக்கவில்லை. பிள்ளையை எடுத்து அவன் சேற்றுத் தோளில் வைத்தாள். ஜெசிந்தா ஒன்றும் மறந்திருக்கவில்லை, அவன் காது இரண்டையும் எட்டிப் பிடித்துக்கொண்டாள். கிறிஸ்ரோபர் பிள்ளையின் காலைப் பிடித்தபடி தண்ணீருக்குள் நின்று, தோள் குலுங்கக் குலுங்க அழுதான்.

ஸ்ரெல்லா கரையைப் பார்த்துத் திரும்பினாள். குருநகர் வரைக்கும் கேட்கும் என்று சொன்னார்களே, அன்றைக்கு மெய்யாகவே கேட்டிருக்கும்.

“மச்சாள், கேளுங்கோ! எல்லாரும் கேளுங்கோ! பிள்ளைக்கு ஈயம் குடுத்தது இந்த மனுசன் இல்லை, நான்! நுளம்பு வலைக்குள்ளை வைச்சு என்ரை கையாலை தைச்சது நான்! இனிமேல் ஆரெண்டாலும் இவரை ஒரு சொல் சொன்னால், என்னட்டை வந்து சொல்லவேணும்!”

கிறிஸ்ரினா கூடையை மணலில் வைத்துவிட்டு, தண்ணீருக்குள் இறங்கி வந்து ஸ்ரெல்லாவின் தலையைத் தன் தோளோடு அணைத்துக்கொண்டாள். “தெரியாமல் செய்ததடி, குஞ்சு. தெரியாமல் செய்தது,” என்றாள். ஸ்ரெல்லா அந்தத் தோளில் கிடந்து மிச்சத்தையும் அழுது முடித்தாள்.

பிறகு மூவரும் வீட்டுக்கு நடந்தார்கள். மேலே இருந்தபடி ஜெசிந்தா, தனக்குத் தெரிந்த சொல் எல்லாவற்றையும் கண்டவர் நின்றவருக்கெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாள். படலை தாண்டியதும் கிறிஸ்ரோபரின் கால் பழக்கத்தில் கிணற்றடிக்குத் திரும்பியது.

ஸ்ரெல்லா அவன் ஈரச் சாரத்தைப் பிடித்து இழுத்தாள்.

“எங்கை போறியள்? வீடு இஞ்சாலை.”